மூச்சு மெஷினும் சரோஜாவின் வேண்டுதலும்

அம்மனை மனதில் நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாவதோடு நின்று, தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே கடைதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூங்கும்போது மூச்சு நின்றுபோகிற வியாதி எனக்கு இருக்கிறது. அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. வியாதியைப் பற்றி டாக்டர்கள் சொல்கிறார்கள். மெஷினை எப்படிப் போட்டுக்கொள்வது என்றும் சொல்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இது. என் மனைவி சரோஜாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், சரோஜா, எங்கள் ஒரே மகள் கலா. குறட்டை எங்கள் வீட்டில் வெகுகாலம் சிரிப்புச் சமாச்சாரமாகவே இருந்தது. பக்கத்துப் போர்ஷன்காரர் காலையில் என்னைப் பார்த்தால், ராத்திரி லாரியில் லோடு வந்து இறங்கியதா என்று கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பகல் தூக்கம் வந்த பிறகு சிரிப்பு குறைந்தது. கடையில் நின்றபடியே தூங்கினேன். பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்தவன், கத்தரிக்கோலைத் துணியில் வைத்தபடியே கண்ணை மூடிவிட்டேன். அந்த அம்மா துணியை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு முதலாளியைக் கூப்பிட்டாராம். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா, ராத்திரி எங்கயாவது வாட்ச்மேன் வேலையும் பாக்கிறியா? அங்கயாவது முழிச்சிருக்கியா?" என்றார். கடையே சிரித்தது.

தீபாவளி வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது மேல் தட்டிலிருந்து வேட்டிக் கட்டு எடுக்க ஏணியில் ஏறினேன். ஏறியது ஞாபகம் இருக்கிறது. இறங்கியது ஞாபகம் இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஆண்கள் வார்டில் முதல் ராத்திரியே எனக்குக் கெட்ட பெயர். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டு நர்ஸிடம் புகார் சொன்னார்கள். திட்டுவதற்காக வந்த நர்ஸ் என் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கைக்கு மாவுக்கட்டுப் போட வந்தவனுக்கு இப்படித்தான் மூச்சு வியாதி தெரியவந்தது. இதுவும் அம்மன் கருணை என்றுதான் நினைக்கிறேன்.

தூக்கம் எப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். அப்போது சரோஜா, "அவருக்குத் தெரியாது டாக்டர். நான் செஞ்சு காட்டட்டுமா?" என்றாள்.

அவள் கூச்ச சுபாவம் உள்ளவள். கடைக்கு வந்தால்கூட வாசலிலேயே நிற்பாள். அன்றைக்கு அந்த நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து என்னைப் போலவே குறட்டை விட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். குறட்டை நடுவில் டக்கென்று நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவள் மார்பு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கிறது, மூச்சு இல்லை. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் தண்ணீரில் முங்கியவன் வெளியே வருவதுபோல ஒரு திணறல் திணறி அவள் கண்ணைத் திறந்தாள்.

"இவ்வளவு நேரமாம்மா நிக்கும்?" என்றார் டாக்டர்.

"இதைவிட ஜாஸ்தி. நான் மூச்சு பிடிக்க முடியாம சீக்கிரம் விட்டுட்டேன். அவருக்கு நிக்கிறப்ப அம்மன் பேரைச் சொல்லிக்கிட்டே பாத்துட்டிருப்பேன். வரலைன்னா விலாவில குத்துவேன்."

"ராத்திரி பூராவா? அப்ப நீங்க எப்பத் தூங்குவீங்க?"

"மத்தியானம் கொஞ்சம் படுப்பேன்."

எனக்கு இது தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்திருக்கிறேன், தெரியாது.

அந்த டாக்டர் எங்களைப் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார். தூக்கத்தைச் சோதிக்கிற வசதி அப்போது அங்கேதான் இருந்ததாம். சாயங்காலமே போய்ப் படுக்க வேண்டும். தலையில், மார்பில், காலில் எல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். மூக்கின் கீழே ஒன்று, விரல் நுனியில் ஒன்று. இத்தனையும் ஒட்டிவிட்டு, "நிம்மதியாத் தூங்குங்க சார்" என்றார் அந்தத் தம்பி. எப்படித் தூங்குவது என்று நினைத்தேன். ஆனால் தூங்கிவிட்டேன். வியாதியே அதுதானே.

மறுநாள் அங்கிருந்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். வியாதிக்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. தண்ணீர் வருகிற ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்கும் அல்லவா, அது மாதிரி. மூச்சு நின்றதும் மூளை பயந்து உடம்பை உலுக்கி எழுப்புகிறது. நமக்கு எழுந்தது ஞாபகம் இருக்காது. ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து படுப்பதால் பகலில் தூக்கம் வருகிறது. இருதயம் கெட்டுப்போகும், தூக்கத்திலேயே ஆளே போகலாம் என்றும் சொன்னார். இதற்கு மாத்திரை கிடையாது. மூக்கில் முகமூடி மாட்டி, ஒரு மெஷின் வைத்து விடாமல் காற்றை உள்ளே அழுத்தினால் பாதை திறந்தே இருக்கும். ஆக்சிஜன்கூட இல்லை, நம் அறையில் இருக்கிற வெறும் காற்றுதான். மெஷின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் சரோஜா ஒரு விஷயம் சொன்னாள். நான் உள்ளே ஒயரோடு படுத்திருந்தபோது அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாளாம். கோவளம் தாண்டிக் கடலோரம் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அவள் பிறந்த வீட்டார் கும்பிடுகிற அம்மன். நோயிலிருந்து மீண்டவர்கள் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அங்கே போய், கோயில் வாசல் மணலில் படுத்து ஒரு ராத்திரி தூங்க வேண்டும். யாருக்காக வேண்டிக்கொண்டதோ அவரை மற்றவர்கள் எழுப்பக்கூடாது. அவராகத்தான் எழ வேண்டும். அம்மனே எழுப்புவாள் என்று ஐதீகம். எழுந்ததும் கடலில் குளித்துப் பொங்கல் வைத்தால் வேண்டுதல் முடிந்தது.

"உங்களுக்கு ஒரு ராத்திரி முழுத் தூக்கம் குடுத்தா, அவ வாசல்லயே கொண்டுவந்து தூங்க வைக்கிறேன்னு சொல்லிட்டேங்க" என்றாள்.

எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அடுத்த ஸ்டேஷனுக்குள் தூங்கிவிட்டேன்.

சரோஜாவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அவன்தான் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது மெஷினை வாங்கி வந்தான். சரோஜாவின் தங்க வளையல்கள் அதற்குப் போயின. அவள் கண்ணாடி வளையலோடு நின்று, இதில்தான் சத்தம் நன்றாக வருகிறது என்றாள்.

மெஷின் வந்த அன்றைக்கு ஊதுவத்தி ஏற்றி, குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். விடிந்து எழுந்தபோது எனக்குத் திரும்பவும் பதினெட்டு வயது ஆனதுபோல இருந்தது. அப்படி ஒரு தூக்கம். சரோஜாவும் அன்றைக்கு நேரம் கழித்தே எழுந்தாள். காபி தாமதமாக வந்த அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன்.

மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்தவர்கள், மனிதன் தன் வீட்டில், தன் கட்டிலில், தலைமாட்டில் பிளக் பாயிண்ட் வைத்துக்கொண்டுதான் தூங்குவான் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். சின்ன ஆர்மோனியப் பெட்டி அளவு. தூக்குவதற்குக் கைப்பிடி கிடையாது. அடியில் வழுவழுப்பு, பிடித்தால் நழுவும். அந்த ஊர்க் கரண்ட் வேறு, நம் ஊர்க் கரண்ட் வேறு என்பதால் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். அது மெஷினைவிடக் கனம். அதை மறந்துவிட்டு நேராகச் செருகினால் மெஷின் கருகிவிடும். பிளக்கோ தட்டையான இரண்டு தகடு. நம் ஊர்ப் பொத்தல் எதிலும் நுழையாது, மாற்றுப் பிளக் ஒன்று மாட்டித்தான் செருக வேண்டும். ஒயர் ஒரு முழத் துண்டு மாதிரிதான் இருக்கும். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது? ஆள் உயரத்தில், கதவுப் பக்கத்தில். நாம் எங்கே படுக்கிறோம்? தரையில், காற்று வருகிற ஜன்னல் பக்கத்தில்.

முகமூடி வெள்ளைக்காரர் மூக்குக்குச் செய்தது. எனக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுக் காற்று கண்ணில் அடித்தது. சரோஜா பழைய பனியன் துணியை மடித்துத் தைத்து ஓரம் கட்டினாள். முகமூடியோடு பேச முடியாது. வாயைத் திறந்தால் மூக்கில் போகிற காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே அடித்து, பேச்சு வராமல் காற்றுதான் வரும். கரண்ட் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி திணறி எழ வேண்டும். பேட்டரி எதுவும் கிடையாது. மெத்தைக்குப் போடுகிற முரட்டுத் துணியில் சரோஜாவே ஒரு பை தைத்தாள். மெஷினுக்கு ஒரு அறை, டிரான்ஸ்பார்மருக்கு ஒரு அறை, குழாய்க்கு ஒன்று. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாள், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க.

அப்படிப் பிடித்துக்கொண்டு முதலில் போனது காஞ்சிபுரத்துக்கு, அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் உள்ள? டிவி பொட்டியா? லக்கேஜ் போடணும்" என்றார். மருத்துவ சாமான் என்றேன். டாக்டரா என்றார். இல்லை, வியாதிக்காரன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான கீறே" என்று சொல்லி லக்கேஜ் போட்டுவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஹாலில் வரிசையாக ஜமக்காளம் விரித்துப் படுத்தார்கள். பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம். நான் போய் அவர்கள் நடுவில் படுத்து முகமூடி மாட்டினேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாண்டு பிள்ளையார் என்று கும்பிட்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் யாரோ ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதற்காக என் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நான் திணறி எழுந்தபோது, "ஒரே நிமிஷம் சார், முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றார். தாலி கட்டுகிற நேரத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினேன். சரோஜாவின் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் எங்கேயும் தங்குவதில்லை. கல்யாணமோ காரியமோ, கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவோம். சொந்தக்காரர்கள் எங்களை மறந்தேபோனார்கள். வேண்டுதல் மட்டும் சரோஜாவை அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஆடி வரும்போதும் காலண்டரைப் பார்ப்பாள். கடற்கரை மணலில் கரண்டுக்கு எங்கே போவது? மெஷின் இல்லாமல் போனால் நான் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேன், வேண்டுதல் நிறைவேறாது. மெஷினோடு போனால் ஒயர் எட்டாது. நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் வைத்திருக்கிறோமே, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள். எனக்காகத்தான் பயந்தாள். அவளுக்காக நாங்கள் யாரும் பயப்படவில்லை. கலாவும் பயப்படவில்லை, நானும் பயப்படவில்லை. எங்கள் வீட்டில் நோயாளி நான் ஒருவன்தானே.

ஒரு வருஷம் அவளே தனியாக அந்தக் கோயிலுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். ஆடி மாதத்துக்கு மைக் செட் போடுகிறார்கள், சீரியல் லைட் போடுகிறார்கள், ஜெனரேட்டர் இருக்கிறது. மைக் செட்காரர் உட்காருகிற மண்டபத்து ஓரத்தில் படுத்தால் கரண்ட் கிடைக்கும். வாசல் மணலும் மண்டபத்தைத் தொட்டுத்தான் இருக்கிறது, பூசாரி சம்மதித்துவிட்டார் என்று சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

போனோம். கலா வரவில்லை. அவளுக்குக் கோயிலுக்கு வர முடியாத நாட்கள். கேளம்பாக்கம் போய் பஸ் மாறி, ஆளுக்கு ஒரு கைப்பிடியாகப் பையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தோம். வழியில் அவள் நின்று நின்று வந்தாள். கனம் போல என்று நினைத்து நானே முழுப் பையையும் தூக்கிக்கொண்டேன்.

மைக் செட்காரர் பெயர் மணி. நல்ல கலகலப்பான ஆள். மெஷினை எடுத்து வைத்ததும் கிட்ட வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஆனை தும்பிக்கை கணக்கா கீது."

மூச்சு விடுவதற்கு என்றேன்.

"மூச்சு வுடறதுக்குக் கரண்டா? நாங்கள்லாம் ஓசிலயே வுட்டுகினு கீறோம் சார்" என்றார். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அது.

அவரே ஒயரை நீட்டி, மாற்றுப் பிளக்கும் அவர் போர்டில் பொருந்தாததால் ஒயர் முனையைச் சீவி, டிரான்ஸ்பார்மரைச் சேர்த்து, பொத்தலில் தீக்குச்சி செருகி இறுக்கிக் கொடுத்தார். ராத்திரி பூராவும் தான் அங்கேயே இருப்பதாகவும், யாரையும் பிளக்கில் கை வைக்க விடமாட்டேன் என்றும் சொன்னார். சொன்னபடியே செய்தார்.

அந்தக் கோயிலில் ஆண்கள் மண்டபத்துப் பக்கம், பெண்கள் சந்நிதிக்கு நேர் எதிரே வேப்பமரத்தடியில் படுப்பது வழக்கம். வீட்டில் ஒருநாளும் நாங்கள் தள்ளிப் படுத்ததில்லை. ஒயர் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் நானாவது மரத்துப் பக்கமாகத் தள்ளிப் படுத்திருப்பேன். சரோஜா எனக்கு முகமூடியை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, நெற்றியில் விபூதி வைத்தாள்.

"நீங்களா முழிக்கிற வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க. நிம்மதியாத் தூங்குங்க. நான் எதிர்லதான் இருக்கேன்" என்றாள்.

நான் பேச முடியாது. தலையை ஆட்டினேன். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனாள்.

தூங்கினேன். கடல் காற்று, வேப்பமர வாசனை, மெஷின் சத்தம். என் ஆயுளில் அப்படித் தூங்கியதில்லை. கண் விழித்தபோது நன்றாக விடிந்துவிட்டது. மணலில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு அம்மா தாயே என்று கும்பிட்டேன். வேண்டுதல் முடிந்தது, சரோஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மரத்தடிக்குப் போனேன்.

அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மரத்தில் சாய்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. முகம் சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும், "முழிச்சிட்டீங்களா? நீங்களாத்தானே முழிச்சீங்க?" என்றாள்.

பீர்க்கன்காரணையிலிருந்து வந்த ஒரு பெண் அவள் பக்கத்தில் படுத்திருந்தவள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். நடுராத்திரியிலிருந்தே நெஞ்சை அழுத்துகிறது, இடது கை குடைகிறது என்று சரோஜா சொல்லியிருக்கிறாள். வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், தைலம் தடவியிருக்கிறார்கள்.

"உங்களை எழுப்பறேன்னு சொன்னேன் அண்ணா. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எழுப்பக்கூடாது, இது அவருக்கான ராத்திரின்னாங்க. மெஷின் ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு வரச் சொன்னாங்க. நான் உங்க தலைமாட்டில வந்து நின்னு பாத்தேன். நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. போய்ச் சொன்னேன். அவங்களுக்குச் சந்தோசம்."

மணி ஓடிவந்து தன் டெம்போவிலிருந்து ஒலிபெருக்கிக் குழாய்களை இறக்கிப் போட்டுவிட்டு, சரோஜாவைப் படுக்க வைத்து, வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பொங்கலும் வைக்கவில்லை, கடலில் குளிக்கவும் இல்லை.

மாரடைப்பு என்றார்கள். இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொண்டால், அந்த இடத்துத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சீக்கிரம் வந்தால் மருந்து கொடுத்து அடைப்பைக் கரைக்கலாம். நேரம் ஆக ஆகச் செத்தது செத்ததுதான். எப்போது வலி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எங்களை விடவில்லை. நானும் கலாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடையாளத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள், மருந்துச் சீட்டு வரும்போதெல்லாம் மருந்துக்கடைக்கு ஓட வேண்டும். மெஷின் பை என் காலடியில். வராந்தாவில் பிளக் இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கிக் குறட்டை விட்டிருக்கிறேன். பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், இந்த ஆளைப் பார் என்று யாரோ சொன்னார்களாம். கலா எழுந்து சண்டைக்குப் போய்விட்டாள். என் முதலாளி வந்தார். வாய்த்துடுக்கு எதுவும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கடைப் பிள்ளைகளை முறை வைத்து அனுப்புகிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். நான் போகவில்லை. ஒருமுறை தூங்கியது போதும் என்றிருந்தது.

கொஞ்ச நாளில் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். தேறிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். இருதயம் பாதிக்கு மேல் போய்விட்டது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் தனியாக இருக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"ஏன் சரோ என்னை எழுப்பலை?"

"எழுப்பினா வேண்டுதல் போயிடுமே."

"போனாப் போவுது. நீ முக்கியமா, வேண்டுதல் முக்கியமா?"

அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வேண்டுதலே நீங்கதானே. இத்தனை வருஷமாக் குத்திக் குத்தி எழுப்பினேன். ஒரு ராத்திரி எழுப்பாம இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள்.

ராத்திரி ட்யூட்டி நர்ஸ் ஒரு கிறிஸ்தவப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது. இருந்தாலும் என் நிலைமையைக் கேட்டுவிட்டு, கோடிக் கட்டில் பக்கம் திரை போட்டு, கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக்கைக் காட்டினாள். அந்தப் பிளக் கட்டிலோடு ஒட்டி இருந்தது. வீட்டுக்கு வெளியே முதல்முறையாக ஒயர் அவள் பக்கம்வரை எட்டியது. தரையில் துண்டை விரித்துக்கொண்டு நான் தயங்கினேன். சரோஜாதான் போட்டுக்கொள்ளச் சொன்னாள். எனக்கு ஏதாவது வேண்டுமானால் எழுப்புகிறேன், இப்போது வேண்டுதல் ஒன்றும் இல்லையே என்றாள். சத்தியம் செய் என்றேன். செய்தாள்.

முகமூடியைப் போட்டுப் படுத்தேன். அவள் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, காற்று ஓடுகிற குழாயின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு என்ன என்று கேட்டிருக்கலாம். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினேன்.

காலையில் நர்ஸ்தான் என் தோளைத் தொட்டாள். சரோஜா எழுப்பவில்லை. எழுப்ப நேரமே இருந்திருக்காது, தூக்கத்திலேயே போய்விட்டார், வலி தெரிந்திருக்காது என்று நர்ஸும் டாக்டரும் சொன்னார்கள். நம்புகிறேன். அவள் சத்தியம் மீறுகிறவள் இல்லை.

பெரியவர்கள், தெரிந்தவர்கள் எல்லோரும் அவளுடைய ஆயுளையும் சேர்த்து அம்மன் உனக்குக் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள். அம்மன் அப்படிக் கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த ஆடியில் ஒருநாள் கோவளம் பஸ் ஏறித் தனியாகப் போய், கடலில் முங்கி, பாக்கி இருந்த பொங்கலை வைத்துவிட்டு வந்தேன். மணி என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

சரோஜா கேட்டது கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் படுத்தால் விடிகிறவரை தூங்குகிறேன். விலாவில் யாரும் குத்துவதில்லை. எனக்கென்று நான் அம்மனிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது விளக்கேற்றும்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாயே, ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, என்னைப் பாதியில் எழுப்பு.